இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்

(குன்னூரில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'செயற்கை நுண்ணறிவு: அன்றும் இன்றும்' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கணினி படித்தவள் இல்லை. மூன்றாம் வகுப்பு எடுப்பவள். எனவே என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள், கைக்கணினியில் ஒரு வாசிப்புச் செயலியைப் போட்டுப் பார்த்தோம். குழந்தை வாசிப்பதை அது கேட்கும். சரியாக வாசித்த சொல் பச்சை நிறமாகும். தவறினால் சிவப்பாகும். முடிவில் நட்சத்திரம் கொடுக்கும். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

குறும்பர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பையனின் முறை வந்தது. என் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவர்களில் அவனும் ஒருவன். வீட்டில் பேசுவது குறும்ப மொழி. தமிழ் வாசிக்கும்போது அந்த மொழியின் இழுப்பும் இறக்கமும் அவன் குரலில் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. செயலிக்குப் பழகவில்லை. முதல் வரியிலேயே மூன்று சொற்கள் சிவப்பு. மறுபடி வாசித்தான். மறுபடியும் சிவப்பு. நான்காவது முறை அவன் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நான் பேசுறது தப்பா?" என்றான்.

"இல்லடா, நெட்டு சரியில்ல" என்று சொல்லி கைக்கணினியை வாங்கி வைத்துவிட்டேன். அது பொய். நெட்வொர்க் அன்று நன்றாகவே இருந்தது.

அந்தப் பொய் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்கள் வீட்டில் 'பேசுவது' என்பதைக் 'கதைப்பது' என்போம். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, "டீச்சர், இவ என்னோட கதைக்க மாட்டேங்கிறா" என்று புகார் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டார். "இது என்ன தமிழ்?" என்று கேட்டார். அவர் நல்லவர்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நான் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

அதனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். எது சரியான உச்சரிப்பு என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? செயற்கை நுண்ணறிவின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்த்தேன். படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1950இல் ஆலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 'இயந்திரங்களால் சிந்திக்க முடியுமா?' என்ற கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார். 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கோடைக்காலக் கூட்டம் ஒன்று நடந்தது. அதற்கான முன்மொழிவில்தான் ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள்.

அதற்கு முன்பே மொழிபெயர்ப்பில் ஒரு முயற்சி நடந்துவிட்டது. 1954இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் காட்டின. இயந்திரத்துக்குத் தெரிந்தது 250 சொற்கள், 6 இலக்கண விதிகள், அவ்வளவுதான். இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அன்றைக்குச் சொன்னார்கள். தீரவில்லை. 1966இல் ஓர் அறிக்கை, பலன் போதாது என்று சொல்ல, பண உதவியும் குறைந்தது.

இதே ரஷ்ய மொழியை வைத்து நம் தஞ்சாவூரிலும் ஒரு முயற்சி நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1983–84இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில், ரஷ்ய மொழி அறிவியல் நூல்களைத் தமிழாக்கம் செய்ய ஒரு கணினி மொழிபெயர்ப்பு அமைப்பை உருவாக்கிப் பார்த்தார்கள். நம் பள்ளிகளில் கணினியை யாரும் பார்த்திராத காலம் அது. அந்தக் காலத்து அமைப்புகளில் மொழி தெரிந்தவர் உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல், இந்த வேற்றுமைக்கு இந்த உருபு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் விதி எழுதிப் போடுவதுபோல.

மருத்துவத்திலும் அப்படித்தான். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற அமைப்பு உருவானது. இரத்தத்தில் கிருமித் தொற்று இருந்தால் எந்த மருந்து கொடுக்கலாம் என்று அது ஆலோசனை சொல்லும். மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு சுமார் 600 விதிகளை அதற்குள் எழுதினார்கள். இந்தியாவிலும் 1986இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, அறிவுசார் கணினி அமைப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அதில் நிபுணர் அமைப்புகளுக்கான மையமாகச் சென்னை ஐ.ஐ.டி. இருந்தது.

சரி, பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் இயந்திரம் எங்கிருந்து வந்தது? அந்தப் பாதையில் முன்னே நடந்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் 1937இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்கா சென்று ஜான் மெக்கார்த்தியிடமே ஆய்வு மாணவரானார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு 1976இல் ஹார்ப்பி என்ற அமைப்பைக் காட்டியது. அது சுமார் 1,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பேச்சைப் புரிந்துகொண்டது. 1994இல் ராஜ் ரெட்டிக்கு, கணினித் துறையின் மிக உயரிய டியூரிங் விருது கிடைத்தது. ஆயிரம் சொல் என்பது நம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளிக்கு வரும்போதே கொண்டுவருவதைவிடக் குறைவு. அதற்கே உலகம் அத்தனை ஆண்டுகள் உழைத்தது.

பிறகு வழி மாறியது. விதி எழுதிக் கொடுப்பதை விட்டு, எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கற்றுக்கொள்ள விட்டார்கள். 2009இல் வெளியான இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பில் பின்னர் 1 கோடியே 40 லட்சம் படங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு படத்திலும் இது நாய், இது நாற்காலி என்று பெயர் குறித்தது யார்? 167 நாடுகளிலிருந்து இணையம் வழியாக வேலை செய்த ஏறத்தாழ 49,000 பேர். அந்தப் படங்களில் பயின்ற ஓர் அமைப்பு 2012 போட்டியில் மற்ற எல்லாவற்றையும் வெகுவாக முந்தியது. இன்று நாம் பார்க்கும் வேகம் அங்கேதான் பிடித்தது.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் அமைப்பு பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. கூகுள் ஆய்வாளர்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கேற்றன. பயிற்சிக்குக் காட்டியவை 1,28,175 படங்கள். அவற்றைப் பார்த்து 'பாதிப்பு இருக்கிறது, இல்லை' என்று குறித்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஒரே படத்தை 3 முதல் 7 பேர் வரை பார்த்தார்கள். இயந்திரம் தானாகக் கண்டுபிடித்தது என்று செய்தியில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை கண்கள் இருக்கின்றன.

நமக்குத் தெரிந்த இன்னொன்று யானை. கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் வனத்துறை ஓர் அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் உள்ள கேமராக்கள் இரவிலும் யானையை அடையாளம் கண்டு எச்சரிக்கை அனுப்புகின்றன. ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. நம் கூடலூர்ப் பக்கமும் இப்படிப்பட்ட கேமராக்கள் வந்துவிட்டன. அந்தக் கேமராவுக்கும் இது யானை, இது மாடு, இது பாறை என்று யாரோ முதலில் காட்டியிருக்க வேண்டும்.

"மனிதர் சொல்லிக் கொடுக்காமல் எதுவுமே கற்காதா?" என்று இங்கே யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் ஆல்ஃபாகோ என்ற அமைப்பு, கோ விளையாட்டில் லீ செடோல் என்ற உலகச் சாதனையாளரை 4–1 என்று வென்றது. அது மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த அதன் தம்பி, மனிதர் ஆட்டம் எதையும் பார்க்காமல், தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. விளையாட்டில் அது முடியும். ஏனென்றால் விதி முன்கூட்டியே இருக்கிறது, யார் வென்றார் என்பது தெளிவாகத் தெரிகிறது. மொழியில் அது முடியாது. ஒரு மொழியைப் பேசுகிறவர் பேசாமல், இயந்திரம் எத்தனை நாள் தனியாக உட்கார்ந்தாலும் அந்த மொழி வராது.

இப்போது நம் மொழிகளுக்கு வருவோம். 2022இல் மத்திய அரசின் பாஷினி திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு 2023இல் இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு அமைப்பை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளும் அதில் உண்டு. தமிழும் உண்டு. பெருமைப்பட வேண்டிய வேலை.

ஆனால் நம் மலையில் இந்த 22 மட்டுமா இருக்கிறது? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். அவர்கள் மொழிகளில் ஒன்றுகூட அந்த அட்டவணையில் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் படுக மொழியும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் அதைக் கன்னடத்தின் கீழ் சேர்த்து எண்ணுகிறார்கள். தோட்டத்து வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களின் மொழிகளும் இப்போது நம் வகுப்பறையில் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் பழங்குடியினர் நல அமைச்சகம் 'ஆதி வாணி' என்ற மொழிபெயர்ப்புச் செயலியை வெளியிட்டது. சந்தாலி, பிலி, முண்டாரி, கோண்டி ஆகிய நான்கு மொழிகளோடு தொடங்கியிருக்கிறார்கள். என் வகுப்பில் முண்டாரி பேசும் ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் அம்மாவிடம் அந்தச் செயலியைக் காட்டினேன். திரையில் தன் மொழியின் பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். நம் மலையின் மொழிகளுக்கும் அந்த நாள் வர வேண்டும்.

இங்கே ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்த மொழியியல் அறிஞர் எமனோ, தம் காலத்தின் பெரும்பகுதியை நம் நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர் மொழிகளை ஆராய்வதில் செலவிட்டார். 'கோத்தர் மொழிப் பாடங்கள்' என்ற அவருடைய நூல் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக அமெரிக்காவில் வெளியானது. அதிலுள்ள கதைகளையும் செய்திகளையும் அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். ஆங்கிலம் கற்றவர். பள்ளி ஆசிரியர். பல மாதங்கள் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எமனோ எழுதிக்கொண்டார். பின்னர் எமனோவும் பர்ரோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி 1961இல் வெளிவந்தபோது, தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் இடம்பெற்றன. உலகத்தின் எந்த மூலையில் யார் கோத்தர் மொழியைப் படித்தாலும் இன்றைக்கும் அந்த மலைப்பள்ளி ஆசிரியரின் சொற்களைத்தான் படிக்கிறார்கள். கணினியே இல்லாத காலத்தில் நம்மில் ஒருவர் செய்த வேலை அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குரலைக் கொடுத்துவிட்டு உரிமையை இழந்துவிடக் கூடாது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் தே ஹிக்கு என்ற வானொலி அமைப்பு 2018இல் ஒரு காரியம் செய்தது. தங்கள் மக்களிடம் கேட்டு, 10 நாட்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட மாவோரிப் பேச்சைச் சேகரித்தது. தங்கள் மொழியைப் புரிந்துகொள்ளும் அமைப்பைத் தாங்களே உருவாக்கியது. அந்தப் பதிவுகளைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கவில்லை. இது எங்கள் மக்களின் சொத்து, நாங்கள் அதன் காவலர்கள் என்றார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு, என் வகுப்பில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மெஷினுக்கு உன்ன மாதிரி பேசுறவங்க யாரும் சொல்லித் தரல. அதனால அதுக்குப் புரியல" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த வாரம் தேர்வைத் திருப்பி வைத்தோம். இயந்திரத்துக்குத் தேர்வு, குழந்தைகள் ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும். கைபேசியில் குரல்வழித் தட்டச்சைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அது என்ன எழுதுகிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். முண்டாரிச் சிறுமி 'ஜோஹார்' என்றாள். கைபேசி 'ஜோக்கர்' என்று எழுதியது. வகுப்பே சிரித்தது. ஆனால் இந்த முறை சிரிப்பு இயந்திரத்தைப் பார்த்து. ஜோஹார் என்றால் வணக்கம் என்று அவள் விளக்கினாள். இப்போது காலையில் சில குழந்தைகள் எனக்கு ஜோஹார் சொல்கிறார்கள். அன்று இயந்திரம் பதினெட்டுக்கு நான்கு வாங்கியது.

பிறகு 'வீட்டுச் சொல் ஏடு' ஒன்று தொடங்கினோம். அதில் சிரமமும் வந்தது. தோடர் மொழியில் உயிரொலிகள் மட்டுமே 16. குறும்ப மொழியிலும் தமிழ் எழுத்துக்குள் அடங்காத ஒலிகள் வந்தன. குழந்தைகள் எழுத்தின் மேல் புள்ளி வைத்தும் கோடு போட்டும் சமாளித்தார்கள். பையனின் பாட்டி ஒரு நாள் பள்ளிக்கு வந்து, தேன் எடுக்கப் போன கதையைச் சொன்னார். அனுமதி கேட்டுப் பதிவு செய்தோம். ஒரு பாட்டும் பாடச் சொன்னேன். "அது தேன் எடுக்கிறப்ப பாடுறது. சும்மா பாடக் கூடாது" என்றார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. பதிவை அவர் வீட்டிலேயே ஒரு நினைவகத்தில் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, குழந்தையின் குரலைக் கேட்டு இயந்திரம் போடும் மதிப்பெண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஒருமுறை நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள். நான்கு முறை சிவப்பு வந்த அந்தப் பையன் மெல்லக் கற்போர் பட்டியலில் போய்விடுவான். அங்கிருந்து அவனை மீட்பது நமக்குத் தெரியும், எவ்வளவு கடினம் என்று.

இரண்டு, செயற்கை நுண்ணறிவு பற்றிப் பாடம் நடத்தும்போது, இது என்ன செய்யும் என்பதோடு நிற்காமல், இதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் கேட்க வையுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அது புரிகிறது.

மூன்று, குரலைக் கேட்டு மதிப்பிடும் எந்தச் செயலியையும் மாவட்டம் முழுவதும் கொண்டுவருவதற்கு முன், நம் மலைக் குழந்தைகள் இருபது பேரின் குரலில் சோதித்துப் பார்க்கும்படி மேலே உள்ளவர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாநில அரசும் 2024–25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர் உள்ளிட்ட மொழிகளை ஆவணப்படுத்துவதாக அறிவித்திருக்கிறது. அந்த வேலைக்கு நம் வகுப்பறைகளும், பெற்றோரின் சம்மதத்தோடு, துணை நிற்க முடியும்.

முடிக்கும் முன் ஒன்று சொல்கிறேன். போன வாரம் அதே செயலியை மறுபடி திறந்தோம். அந்தப் பையன் தானாகவே முன்வந்து வாசித்தான். இரண்டாவது வரியில் சிவப்பு வந்தது. நான் பதறிப்போய் அவனைப் பார்த்தேன்.

"பரவால்ல டீச்சர், இதுக்கு இன்னும் யாரும் சொல்லித் தரல" என்று சொல்லிவிட்டு, சத்தமாகக் கடைசி வரி வரை வாசித்து முடித்தான்.